பூச்சிப் பல்லும் ஒன்பதாயிரம் ஆண்டுத் துளையும்

பல்லில் கறுப்பாக ஒரு குழி விழுந்தால் ‘பூச்சி அரித்துவிட்டது’ என்கிறோம். சொத்தைப் பல்லுக்குப் பூச்சிப் பல் என்றே இன்னொரு பெயர் உண்டு. அங்கே பூச்சி எதுவும் இல்லை என்பது சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். ஆனாலும் சொல் போகவில்லை. அது சாதாரண வழக்குச் சொல்லும் அல்ல. மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல், பல நாட்டு மருத்துவர்கள் உண்மையாகவே நம்பிய நோய்க்காரணம் அது. பல்லுக்குள் ஒரு புழு குடியிருக்கிறது, அது குடைவதால்தான் வலிக்கிறது என்று நினைத்தார்கள். மருந்தும் அதற்கேற்றபடிதான் கொடுத்தார்கள்.

பல் மருத்துவத்தின் வரலாற்றைப் படிக்கும்போது வியப்பூட்டுவது இதுதான்: பல்லைத் துளைக்க மனிதர்களுக்கு மிக முன்பே தெரிந்திருந்தது. ஆடும் பல்லைத் தங்கக் கம்பியால் கட்டத் தெரிந்திருந்தது. பொய்ப்பல் செய்யவும் தெரிந்திருந்தது. பல் ஏன் கெடுகிறது என்பது மட்டும் தெரியவில்லை. கை எங்கோ முன்னால் போய்விட்டது, காரணம் புரிவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆயின.

கை எவ்வளவு முன்னால் போனது என்பதற்கு மெஹர்கர் சாட்சி. இன்றைய பாகிஸ்தானின் பலுசிஸ்தான் பகுதியில் உள்ள புதிய கற்கால ஊர் அது. அங்கே தோண்டியெடுத்த எலும்புக்கூடுகளில் 9 பேருடைய வாயில் மொத்தம் 11 கடைவாய்ப் பற்களில் துளை போடப்பட்டிருந்தது. காலம் 9,000 முதல் 7,500 ஆண்டுகளுக்கு முன். துளைகள் அரை மில்லிமீட்டர் முதல் மூன்றரை மில்லிமீட்டர் ஆழம் வரை இருந்தன. ஓரங்கள் மெல்லும்போது தேய்ந்து வழவழப்பாகியிருந்தன. அப்படியானால் துளை போட்ட பிறகும் அவர்கள் உயிரோடு இருந்து, அதே பல்லால் மென்று சாப்பிட்டிருக்கிறார்கள். சில பற்களில் சொத்தையின் தடயமும் இருந்தது.

அந்த ஊர்க்காரர்கள் மணி கோப்பவர்கள். கல் மணியில் நூல் நுழையும் அளவுக்குத் துளை போட, கூரான சிக்கிமுக்கிக் கல்லைக் குச்சியின் நுனியில் பொருத்தி, வில்லின் நாணை அதில் சுற்றி, முன்னும் பின்னும் இழுத்துச் சுழற்றுவார்கள். அதே கருவிதான் வாய்க்குள்ளும் போயிருக்க வேண்டும். ஆய்வாளர்கள் அதுபோலவே ஒன்றைச் செய்து, மனிதப் பல்லில் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு நிமிடத்துக்குள் துளை விழுந்தது. மரத்துப்போகும் ஊசி இல்லாத காலத்தில் அந்த ஒரு நிமிடம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தாலே தாடை கூசுகிறது. சுமார் 1,500 ஆண்டுகள் இந்தக் கைத்தொழில் அங்கே நீடித்தது. அப்புறம் அந்த மண்ணிலிருந்தே மறைந்துவிட்டது. ஏன் என்பதற்கு விடை இல்லை.

இதைவிடப் பழைய தடயம் இத்தாலியின் வில்லாப்ரூனாவில் கிடைத்தது. சுமார் 14,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு ஆணின் கடைவாய்ப் பல்லில், சொத்தையான பகுதியைக் கூரான கல்லால் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். உழவுத்தொழில் தொடங்குவதற்கு முன்பே பல்வலி இருந்திருக்கிறது, அதற்கு ஒரு கையும் நீண்டிருக்கிறது.

சரி, புழுவுக்கு வருவோம். பாபிலோனியக் களிமண் பலகை ஒன்றில் பல்வலிக்கான மந்திரம் இருக்கிறது. அது உலகம் உண்டான கதையிலிருந்து தொடங்குகிறது. வானம் பூமியைப் படைத்தது, பூமி ஆறுகளை, ஆறுகள் கால்வாய்களை, கால்வாய்கள் சேற்றை, சேறு புழுவைப் படைத்தது. அந்தப் புழு அழுதுகொண்டே தெய்வங்களிடம் போய், எனக்கு உண்ண என்ன தருவீர்கள் என்று கேட்கிறது. கனிந்த அத்திப்பழம் தருகிறோம் என்கிறார்கள். அத்திப்பழம் எனக்கு எதற்கு, என்னைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் குடியிருக்க விடுங்கள், பல்லின் இரத்தத்தை உறிஞ்சிக்கொள்கிறேன் என்கிறது புழு. இப்படிக் கேட்டதற்காக ஏயா தெய்வம் தன் கை வலிமையால் உன்னை அடிக்கட்டும் என்று மந்திரம் முடிகிறது. இடையில் சிகிச்சை செய்பவருக்கும் ஓர் உத்தரவு உண்டு: ஊசியைச் செருகி அதன் காலைப் பிடி. கூடவே பீர், எண்ணெய், ஒரு மூலிகை என்று மருந்தும் சொல்கிறது. மந்திரத்தை மட்டும் நம்பி அவர்கள் உட்கார்ந்துவிடவில்லை.

புழு நம்பிக்கையை மூடத்தனம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. உடைந்த பல்லுக்குள் இருக்கும் சதைப்பகுதியை இழுத்தெடுத்தால், அது வெளிறிய, நூல்போன்ற ஒரு பொருளாக வரும். நுண்ணோக்கி இல்லாத காலத்தில் அதைப் பார்ப்பவர் வேறு என்னதான் நினைத்திருப்பார்? வலியும் குடைவதுபோலத்தான் இருக்கிறது. பழத்தில் புழு துளைத்த குழியும் பல்லில் விழுந்த குழியும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கின்றன. பார்த்ததை வைத்து எட்டிய முடிவுதான் அது, தவறான முடிவு என்பது வேறு விஷயம்.

இந்த நம்பிக்கையை வைத்துப் பிழைப்பு நடத்தியவர்களும் இருந்தார்கள். குரோசாணி ஓமச் செடியின் விதையைத் தணலில் போட்டு, அந்தப் புகையைத் திறந்த வாயில் படும்படி காட்டுவது ரோமானியர் காலத்திலேயே இருந்த சிகிச்சை. அந்தச் செடியில் மயக்கம் தரும் நச்சு இருப்பதால் வலி கொஞ்சம் மட்டுப்படும். அதோடு, சூட்டில் விதை வெடித்து, உள்ளிருக்கும் முளை வெளியே வந்து சாம்பலில் விழும். அது வெள்ளையாக, வளைந்து, அச்சு அசலாகப் புழுபோலவே இருக்கும். இதோ பாருங்கள், உங்கள் பல்லிலிருந்து விழுந்த புழு என்று காட்டினால் நோயாளி நம்பாமல் என்ன செய்வார்?

பழைய எகிப்தில் ஹெசி-ரா என்ற அதிகாரிக்குப் பல் மருத்துவர்களின் தலைவர் என்று பொருள்படும் பட்டம் இருந்ததாகச் சொல்வார்கள். சக்காராவில் உள்ள அவருடைய கல்லறையில் அழகான மரச்செதுக்குப் பலகைகள் கிடைத்தன. காலம் கி.மு. 2600ஐ ஒட்டி. அந்தப் பட்டத்துக்குத் தந்தவேலைக்காரர் தலைவர் என்றும் பொருள் கொள்ளலாம் என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எப்படியிருந்தாலும் எகிப்தியரின் பல் பிரச்சினை பெரும்பாலும் சொத்தை அல்ல, தேய்மானம். மாவில் கலந்த மணலும் அரைகல்லின் துகளும் ரொட்டியோடு வாய்க்குள் போய், பல்லை உள்சதை தெரியும் வரை தேய்த்துவிட்டன. மம்மிகளின் தாடைகளில் சீழ்கட்டிய குழிகள் நிறைய. மன்னர் குடும்பத்தினரும் இதற்குத் தப்பவில்லை.

இத்தாலியில் ரோமுக்கு முன் செல்வாக்கோடு இருந்த எட்ரஸ்கர்கள் கி.மு. 7ஆம் நூற்றாண்டிலேயே மெல்லிய தங்கப் பட்டையைப் பற்களைச் சுற்றி வளைத்து, நடுவில் ஒரு மாற்றுப் பல்லைப் பொருத்தினார்கள். இன்று பிரிட்ஜ் கட்டுவது என்கிறோமே, அதன் மூதாதை. கிடைத்தவற்றில் பெரும்பாலானவை பெண்களின் வாயில் இருந்தவை. மெல்லுவதைவிடப் பார்வைக்காகவே கட்டிக்கொண்டிருக்க வேண்டும். ரோமானியர்களின் பன்னிரு பலகைச் சட்டத்தில், கி.மு. 450ஐ ஒட்டி, ஒரு வரி வருகிறது: பிணத்தோடு தங்கத்தைப் புதைக்கவோ எரிக்கவோ கூடாது, ஆனால் பல்லைத் தங்கத்தால் கட்டியிருந்தால் அதோடு புதைப்பது குற்றமில்லை. சட்டத்தில் விலக்குக் கொடுக்கும் அளவுக்கு அது பழக்கத்தில் இருந்திருக்கிறது.

அறிவுலகம் மட்டும் வாய்க்குள் எட்டிப் பார்க்கத் தயங்கியது. அரிஸ்டாட்டில் ஆண்களைவிடப் பெண்களுக்குப் பற்கள் குறைவு என்று எழுதிவைத்தார். வீட்டில் யாராவது ஒருவரை வாயைத் திறக்கச் சொல்லி எண்ணியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும்.

உண்மையாகவே எட்டிப் பார்த்தவர்களில் ஒருவர், கி.பி. 1000ஐ ஒட்டி ஸ்பெயினின் கோர்டோபா பகுதியில் வாழ்ந்த அல்-சஹ்ராவி. அறுவைச் சிகிச்சை பற்றிய தன் பெருநூலில் பல்லில் படியும் காரையைச் சுரண்ட விதவிதமான கருவிகளைப் படம் போட்டுக் காட்டினார். காரை சேர்ந்தால் ஈறு கெடும், ஈறு கெட்டால் பல் விழும் என்பது அவருக்குப் புரிந்திருந்தது. ஆடும் பற்களைத் தங்கக் கம்பியால் பின்னிக் கட்டும் முறையையும், மாட்டெலும்பில் பல் செதுக்கி வைக்கும் முறையையும் விவரித்தார். பிடுங்குவதற்கு அவசரப்படக் கூடாது, எந்தப் பல் வலிக்கிறது என்று நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும், நோயாளி தவறான பல்லைக் காட்டிவிடுவார் என்றும் எச்சரித்தார். இன்றைக்கும் இந்த எச்சரிக்கை பழையதாகவில்லை.

சீனாவில் 659இல் தொகுக்கப்பட்ட மருந்து நூலில், பாதரசம், வெள்ளி, ஈயம் அல்லாத வெள்ளீயம் சேர்த்த கலவையால் பல் குழியை அடைக்கும் குறிப்பு இருக்கிறது. ஐரோப்பாவில் அந்த யோசனை பரவ இன்னும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

இடைக்கால ஐரோப்பாவில் பல் பிடுங்குவது நாவிதர் வேலை. படித்த மருத்துவர்கள் கையில் இரத்தம் படும் வேலையைத் தொட மாட்டார்கள். திருச்சபையும் 1215இல் மதகுருக்கள் வெட்டும் சிகிச்சையில் இறங்கக் கூடாது என்று தடுத்தது. முடி வெட்டுகிறவர், கட்டி கீறுகிறவர், பல் பிடுங்குகிறவர் எல்லாம் ஒரே ஆள். சந்தைகளிலும் திருவிழாக்களிலும் மேடை போட்டுப் பல் பிடுங்கும் கூட்டமும் இருந்தது. வலியே இல்லை என்று அவர்கள் கூவுவார்கள், நோயாளியின் அலறல் கேட்காதபடி பக்கத்தில் மேளம் முழங்கும். ‘பல் பிடுங்கிபோலப் பொய் சொல்கிறான்’ என்று பிரெஞ்சு மொழியில் இன்றும் சொலவடை இருக்கிறது.

கருவிகளும் அப்படித்தான். பெலிக்கன் என்ற கருவிக்கு அந்தப் பறவையின் அலகுபோல வளைந்த கொக்கி. 18ஆம் நூற்றாண்டில் வந்த பல் சாவி கிட்டத்தட்டக் கதவுச் சாவி மாதிரியே இருக்கும். கொக்கியைப் பல்லில் மாட்டி, பூட்டைத் திறப்பதுபோலத் திருக வேண்டும். பல் வரும், பல சமயம் கூடவே தாடை எலும்பில் ஒரு துண்டும் வரும்.

ராஜாவாக இருந்தாலும் இதுதான் கதி. பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயிக்கு 1685இல் மேல்வரிசைப் பற்களைப் பிடுங்கும்போது அண்ணத்தில் ஒரு பகுதி பெயர்ந்துவிட்டது. வாய்க்கும் மூக்குக்கும் நடுவில் ஓட்டை. அவர் எதைக் குடித்தாலும் மூக்கு வழியாக வழிந்தது. அந்த ஓட்டையை மூடப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் பலமுறை சுட்டார்கள். ஐரோப்பாவிலேயே அதிக அதிகாரம் படைத்த மனிதர், அன்று கிடைத்த மிகச் சிறந்த கைகளில் பட்ட பாடு இது.

அதே காலத்தில்தான் சர்க்கரை வந்து சேர்ந்தது. 1598இல் இங்கிலாந்து போன ஜெர்மானியப் பயணி பால் ஹென்ட்ஸ்னர், முதலாம் எலிசபெத் ராணியின் பற்கள் கறுத்திருந்ததைக் குறித்துவைத்தார். ஆங்கிலேயர்கள் சர்க்கரையை அளவுக்கு மீறித் தின்பதால் வரும் குறை என்று அவரே காரணமும் எழுதினார். அன்று அது பணக்காரர்களின் நோய். கரீபியத் தீவுகளில் அடிமைகளின் உழைப்பில் கரும்புத் தோட்டங்கள் பெருகி, சர்க்கரை மலிவானதும், சொத்தைப் பல்லும் ஏழைகளுக்கு எட்டியது. 1874இல் பிரிட்டன் சர்க்கரை மீதான வரியை முழுவதுமாக நீக்கியது. பல் மருத்துவம் ஒரு தனித் தொழிலாகத் தழைக்க யார் காரணம் என்று கேட்டால், நான் எந்த மேதையின் பெயரையும் சொல்வதற்கு முன் சர்க்கரையைத்தான் சொல்வேன்.

மேதை என்று ஒருவரைச் சொல்லியே ஆக வேண்டுமானால் பியர் ஃபோஷார். 1728இல் பாரிஸில் அவர் வெளியிட்ட இரண்டு தொகுதி நூல்தான் பல் மருத்துவத்தைத் தனித் துறையாக நிறுத்தியது. கைத்தொழில் ரகசியங்களைப் பொத்திப்பொத்தி வைத்திருந்த காலத்தில் அவர் எல்லாவற்றையும் அச்சிட்டுக் கொடுத்துவிட்டார். அதுவரை நோயாளியைத் தரையில் உட்காரவைத்து, தலையைத் தன் முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு பல் பிடுங்குவது வழக்கம். அவர் நோயாளியை நாற்காலியில் உட்காரவைத்தார். சின்ன மாற்றம்தான், ஆனால் நோயாளியும் மரியாதைக்குரிய ஆள் என்பது அங்கே தொடங்குகிறது. இனிப்பு பல்லுக்குக் கெடுதல் என்றார். கெட்ட பற்களை நுண்ணோக்கியில் தேடிப் பார்த்தும் புழுவைக் காணவில்லை என்றும் எழுதினார். அதே மனிதர் வாய் கொப்பளிக்கத் தன் சிறுநீரையே பயன்படுத்தச் சொன்னார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

புழுவைத் தேடியவர் புழு இல்லை என்றார். ஆனால் வேறு ஒன்று இருப்பதை ஏற்கெனவே ஒருவர் பார்த்துவிட்டார். டச்சுத் துணி வியாபாரி லேவன்ஹூக் 1683இல் தன் பல் இடுக்கிலிருந்த வெள்ளை மாவுபோன்ற படிவை எடுத்து, தானே செய்த நுண்ணோக்கியில் பார்த்தார். உள்ளே உயிர்கள் நீந்திக்கொண்டிருந்தன. வாழ்நாளில் பல்லே துலக்காத ஒரு கிழவரின் வாயிலிருந்தும் எடுத்துப் பார்த்தார், அங்கே இன்னும் கூட்டம். லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதி அனுப்பினார். அவற்றுக்கும் பல்வலிக்கும் தொடர்பு இருக்கும் என்று இருநூறு ஆண்டுகளுக்கு யாருக்கும் தோன்றவில்லை.

இடைப்பட்ட அந்த இருநூறு ஆண்டுகள் பொய்ப்பல்லின் பொற்காலம். ஜார்ஜ் வாஷிங்டன் 1789இல் அமெரிக்காவின் முதல் ஜனாதிபதியாகப் பதவியேற்றபோது அவர் வாயில் சொந்தப் பல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அவருடையது மரப் பல் என்பது கட்டுக்கதை. நீர்யானைத் தந்தம், மனிதப் பற்கள், ஈயம், சுருள்வில் இவற்றால் ஆனவை அவருடைய செட்டுகள். வாயைச் சற்று அதிகம் திறந்தால் வில் மொத்தத்தையும் வெளியே தள்ளப் பார்க்கும். அந்த மனிதப் பற்கள் யாருடையவை? 1784இல் கறுப்பின மக்களிடமிருந்து 9 பற்கள் வாங்கியதற்குப் பணம் கொடுத்ததாக அவருடைய கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது. அவர்கள் அவருடைய பண்ணையில் அடிமைகளாக இருந்தவர்கள் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள்.

லண்டனிலும் ஏழைகள் பல்லை விற்றார்கள். ஜான் ஹண்டர் என்ற புகழ்பெற்ற அறுவைச் சிகிச்சையாளர், ஒருவர் வாயிலிருந்து பிடுங்கிய பல்லைச் சூடு ஆறுமுன் இன்னொருவர் ஈறில் நடலாம் என்றார். மனிதப் பல்லைச் சேவலின் கொண்டையில் நட்டுச் சோதித்தும் பார்த்தார். நட்ட பற்கள் சில காலத்தில் விழுந்தன, சில சமயம் நோயையும் கொண்டுவந்தன. 1815இல் வாட்டர்லூ போர் முடிந்ததும் செத்துக் கிடந்த இளம் வீரர்களின் பற்கள் மூட்டையாக வந்து இறங்கின. வாட்டர்லூ பற்கள் என்ற பெயரே நிலைத்துவிட்டது.

தந்தப் பல்லுக்கு இன்னொரு தொல்லை, நாற்றம். பிரெஞ்சு மருந்துக்கடைக்காரர் துஷாட்டோ தன் தந்தப் பல்லின் நாற்றம் தாங்காமல், 1774இல், தான் மருந்து வைக்கும் பீங்கான் பாத்திரங்களில் மட்டும் வாடை ஒட்டுவதில்லையே என்று யோசித்தார். பீங்கான் பல் பிறந்தது. 1850களில் கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர் வந்ததும், ஈறின் அச்சுக்கு அளவாகப் பொருந்தும் மலிவான பல் செட் நடுத்தர மக்களுக்கும் கிடைத்தது. ஆனால் அந்த ரப்பரின் காப்புரிமையை வைத்திருந்த குட்இயர் டென்டல் வல்கனைட் கம்பெனி, செட் செய்யும் ஒவ்வொரு பல் மருத்துவரிடமும் கட்டணம் கேட்டு வழக்குமேல் வழக்குப் போட்டது. கம்பெனியின் பொருளாளர் ஜோசையா பேக்கன் ஊர் ஊராகப் போய் மருத்துவர்களைத் துரத்தினார். அப்படித் துரத்தப்பட்டு ஊர் மாறிக்கொண்டே இருந்த சாமுவேல் சால்ஃபன்ட், 1879 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோ ஹோட்டல் அறையில் பேக்கனைச் சுட்டுக் கொன்றார். பல் செட்டுக்காக நடந்த கொலை. இரண்டு ஆண்டில் காப்புரிமையும் காலாவதியானது.

இனி வலி. 1844 டிசம்பர் 10ஆம் தேதி இரவு, அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் சிரிப்பூட்டும் வாயு வேடிக்கைக் காட்சி நடந்தது. மேடையேறி வாயுவை உறிஞ்சிய இளைஞர் ஒருவர் தள்ளாடிப் போய் பெஞ்சில் மோதி, காலில் இரத்தம் வழிய உட்கார்ந்தார். வலித்ததே தெரியவில்லை என்றார். கூட்டம் சிரித்தது. பக்கத்தில் இருந்த பல் மருத்துவர் ஹொரேஸ் வெல்ஸ் மட்டும் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் காட்சி நடத்திய கோல்டனை வாயுப் பையோடு வரவழைத்து, தானே உறிஞ்சி, தன் கடைவாய்ப் பல்லையே சக மருத்துவரிடம் பிடுங்கக் கொடுத்தார். வலிக்கவில்லை.

அடுத்த மாதம் பாஸ்டனில் மருத்துவ மாணவர்கள் முன் செய்து காட்டினார். வாயுப் பையைச் சீக்கிரமே எடுத்துவிட்டார்கள்போலும், நோயாளி முனகிவிட்டார். மோசடி என்று கூச்சல் எழுந்தது. வலி அவ்வளவாகத் தெரியவில்லை என்று நோயாளி பிறகு சொன்னது யார் காதிலும் விழவில்லை. வெல்ஸின் பழைய கூட்டாளி வில்லியம் மார்ட்டனும் ஒரு பல் மருத்துவர்தான். அவர் ஈதரைக் கையிலெடுத்து, 1846 அக்டோபர் 16 அன்று மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஒரு கழுத்துக்கட்டி அறுவைச் சிகிச்சையில் நோயாளியை மயக்கிக் காட்டினார். பெயரும் புகழும் அவருக்குப் போயின. வெல்ஸ் குளோரோஃபார்மைத் தன் மீதே சோதித்து அதற்கு அடிமையாகி, 1848இல் நியூயார்க் சிறையில் இறந்தார். உலகத்து அறுவைச் சிகிச்சைகளுக்கெல்லாம் வலியில்லாமை பல் மருத்துவர்கள் கொடுத்த கொடை. கொடுத்தவர்களில் முதலாமவரின் கதை இப்படி முடிந்தது.

மயக்கம் வந்ததால் பல் பிழைத்ததா? இல்லை, இங்கேதான் கதை கோணலாகிறது. பிடுங்கினால் வலிக்காது, பதிலுக்கு வைக்க மலிவான ரப்பர் செட் இருக்கிறது. அப்புறம் எதற்குக் கெட்ட பல்லோடு மல்லுக்கட்ட வேண்டும்? மொத்தமாகப் பிடுங்கிவிட்டு செட் கட்டிக்கொள்வது சகஜமானது. பிரிட்டனில் இளம்பெண்களுக்குத் திருமணத்துக்கு முன்பே எல்லாப் பல்லையும் எடுத்துவிட்டு, எதிர்காலச் செலவு மிச்சம் என்று செட் கட்டிக் கொடுத்த குடும்பங்கள் இருந்தன. 1948இல் அங்கே தேசிய மருத்துவச் சேவை தொடங்கியதும் பல் செட்டுக்கு வந்த கூட்டத்தை அரசால் சமாளிக்க முடியவில்லை. 1951இல் செட்டுக்கும் கண்ணாடிக்கும் கட்டணம் விதித்தார்கள். இலவசச் சேவையை உருவாக்கிய அனூரின் பெவன் அதை எதிர்த்துப் பதவி விலகினார்.

இத்தனைக்கும் அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே காரணம் பிடிபட்டிருந்தது. பெர்லினில் வேலை செய்த அமெரிக்கர் வில்லோபி மில்லர் ஒரு பல்லை எச்சில், ரொட்டி இரண்டோடும் கலந்து உடல் சூட்டில் வைத்தார். சில நாளில் பல் கரையத் தொடங்கியது. எச்சிலைக் கொதிக்கவைத்துக் கிருமிகளைக் கொன்றுவிட்டால் கரையவில்லை. 1890இல் அவர் வெளியிட்ட விளக்கம் இன்றும் அடிப்படையில் மாறவில்லை. வாயில் வாழும் நுண்ணுயிர்கள் நாம் தின்னும் மாவுச்சத்தையும் சர்க்கரையையும் தின்று அமிலத்தைக் கழிக்கின்றன. அந்த அமிலம் எனாமலில் இருக்கும் கால்சியத்தைக் கரைக்கிறது. கொஞ்ச நேரத்தில் எச்சில் அமிலத்தை மட்டுப்படுத்தி, கரைந்த கால்சியத்தைத் திரும்பப் படியவைக்கும். நாள் முழுவதும் இந்த இழுபறி நடக்கிறது. கரைவது ஜெயித்தால் குழி விழும். ஆக, பூச்சி இருந்தது உண்மைதான். கண்ணுக்குத் தெரியாத அளவில், அதுவும் நாம் தீனி போட்டு வளர்த்த பூச்சி.

சர்க்கரையின் அளவைவிட அது எத்தனை தடவை வாய்க்குள் வருகிறது என்பது முக்கியம் என்று காட்டிய ஆய்வு ஸ்வீடனின் விபெஹோம் மனநலக் காப்பகத்தில் 1940களில் நடந்தது. தங்கள் சம்மதத்தைச் சொல்ல முடியாத நோயாளிகளுக்குப் பல்லில் ஒட்டும் மிட்டாயை வேண்டுமென்றே நாள் முழுக்கக் கொடுத்து, சொத்தை விழுவதைக் கணக்கெடுத்தார்கள். ஆய்வின் முடிவு இன்று எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. அந்த முடிவு யாருடைய பற்களில் எழுதப்பட்டது என்பதும் அதோடு சேர்ந்தே படிக்கப்பட வேண்டியது.

பல்லைக் காப்பாற்றுவதில் பெரிய திருப்பம் ஒரு கறையிலிருந்து வந்தது. 1901இல் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்குப் புதிதாகத் தொழில் செய்ய வந்த ஃபிரெடெரிக் மெக்கே, உள்ளூர்க்காரர்கள் பல்லில் சாக்லேட் நிறத் திட்டுகளைப் பார்த்தார். எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. பல ஆண்டு அலைந்து அவரும் ஜி. வி. பிளாக்கும் இரண்டு விஷயம் கண்டார்கள்: பல் முளைக்கும் வயதில் அந்த ஊரில் வளர்ந்தவர்களுக்கு மட்டுமே கறை வருகிறது. கறை படிந்த பல் எளிதில் சொத்தையாவதில்லை. குடிநீர்தான் காரணம் என்று மெக்கேவுக்குத் தோன்றியது, ஆனால் நீரில் என்ன என்று தெரியவில்லை.

விடை 1931இல், எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. பாக்சைட் என்ற சுரங்க ஊரிலும் அதே கறை. அந்த ஊர் அல்கோவா அலுமினியக் கம்பெனிக்குச் சொந்தம். அலுமினியப் பாத்திரம் விஷம் என்று ஏற்கெனவே பேச்சு இருந்ததால், பழி தங்கள் மேல் விழுமோ என்று கம்பெனியின் வேதியியலாளர் சர்ச்சில் பதறி, தண்ணீரை நுணுக்கமாகச் சோதித்தார். அலுமினியம் அல்ல, ஃபுளோரைடு அதிகமாக இருந்தது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவில் இருந்தால் கறை விழாது, சொத்தையும் குறையும் என்று பிறகு டிரெண்ட்லி டீன் கணக்கிட்டார். 1945 ஜனவரியில் கிராண்ட் ராபிட்ஸ் நகரம் குடிநீரில் அளவோடு ஃபுளோரைடு சேர்த்த முதல் ஊரானது. 11 ஆண்டுகளில் அங்கே பிறந்து வளர்ந்த குழந்தைகளின் சொத்தை 60 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. பிறகு அது பற்பசைக்கும் வந்தது. அளவு மீறினால் பல்லோடு எலும்பையும் கெடுக்கும் என்பதால் குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

கருவிகளின் முன்னேற்றத்தை வேகமாகவே சொல்லிவிடலாம். 1871இல் தையல் இயந்திரம்போலக் காலால் மிதிக்கும் டிரில் வந்தது. 1896இல் எக்ஸ்-ரே பற்றிய செய்தி வந்த இரண்டே வாரத்தில் ஓட்டோ வால்க்ஹாஃப் 25 நிமிடம் அசையாமல் இருந்து தன் பற்களைப் படம் எடுத்தார். 1938இல் நைலான் இழை பிரஷ் வந்து பன்றிமுடி பிரஷ்ஷை ஓரங்கட்டியது. 1957இல் காற்றால் சுழலும் டிரில் நிமிடத்துக்கு 3 லட்சம் சுற்றைத் தொட்டது. அந்தக் கீச்சுச் சத்தம் அன்றிலிருந்துதான் நம்மைப் பயமுறுத்துகிறது. 1955இல் பியூனோகோர் பாஸ்பாரிக் அமிலத்தால் எனாமலைச் சொரசொரப்பாக்கினால் பிசின் ஒட்டும் என்று காட்டினார். அடைப்பு நிற்பதற்காக நல்ல பல்லையும் சேர்த்து வெட்டும் வழக்கம் இதனால் குறைந்தது. 1965இல் ஸ்வீடனின் பிரானெமார்க், எலும்போடு ஒட்டி வளரும் டைட்டானிய வேரை முதல் நோயாளிக்குப் பொருத்தினார். பாதரசம் கலந்த வெள்ளி அடைப்பை ஐரோப்பிய ஒன்றியம் 2025 தொடக்கத்திலிருந்து பெரும்பாலும் நிறுத்திவிட்டது.

ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கைப்படி வாய் நோய்கள் சுமார் 350 கோடிப் பேருக்கு இருக்கின்றன. அவர்களில் நாலில் மூன்று பேர் நடுத்தர வருமான நாடுகளில் வாழ்கிறார்கள். சர்க்கரை போய்ச் சேரும் இடங்களுக்கெல்லாம் 3 லட்சம் சுற்று டிரில் போய்ச் சேர முடிவதில்லை.

அதனால்தானோ என்னவோ, இப்போது மறுபடி பேசப்படும் ஒரு மருந்துக்கு டிரில்லே வேண்டாம். வெள்ளியும் ஃபுளோரைடும் கலந்த திரவம், சில்வர் டயமைன் ஃபுளோரைடு. ஜப்பானில் 1970 வாக்கில் புழக்கத்துக்கு வந்தது. வெள்ளி உப்பைச் சொத்தையில் தடவும் பழக்கம் அதற்கும் நெடுநாள் முன்பே இருந்து, டிரில்லும் அடைப்பும் சிறந்ததும் கைவிடப்பட்டது. 2021இல் உலக சுகாதார நிறுவனம் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. வேலை மிக எளிது: குழியைத் துடைத்து, ஈரம் போக உலர்த்தி, சின்ன பிரஷ்ஷால் ஒரு சொட்டுத் தடவினால் போதும். ஊசி இல்லை, சத்தம் இல்லை, நாற்காலியில் அடம்பிடிக்கும் மூன்று வயதுக் குழந்தைக்கும் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். வெள்ளி கிருமியைக் கொல்கிறது, ஃபுளோரைடு மிச்சமிருக்கும் பல்லைக் கெட்டியாக்குகிறது. பெரும்பாலான குழிகள் அதோடு நின்றுவிடுகின்றன. ஒரே குறை, தடவிய இடம் கன்னங்கரேலென்று ஆகி அப்படியே நிலைத்துவிடும். முன்பல் என்றால் பெற்றோர் யோசிக்கிறார்கள், கடைவாய்ப் பல் என்றால் சரி என்கிறார்கள்.